நெட்டு போற வாயிக்கு ஒரு பொட்டு

நெட்டு ஒழுங்கா ஓடுற வரைக்கும் எங்களை மாதிரி ஆளுங்க உசிரோட இருக்கிறதே யாருக்கும் தெரியாது. நின்னுபோச்சுன்னா மட்டும் நாங்க எந்தக் கடையில டீ குடிக்கிறோம்ங்கிறது வரைக்கும் ஹொஸ்டல் முழுக்கத் தெரிஞ்சிடும்.

சப்ரகமுவப் பக்கம் ஒரு கம்பஸ்ல, பொம்பளப் பிள்ளைங்க ஹொஸ்டலுக்கு நெட் கனெக்சன் குடுக்கிறதுதான் என் வேலை. புதுப் பெச் பிள்ளைங்க வந்து இறங்கினதும் ரூம் ரூமா ஏறணும். கட்டிலுக்கு அடியில தவழணும். சுவத்துல இருக்கிற ஓட்டைக்கும் பிள்ளையோட லெப்டொப்புக்கும் கேபிள் போட்டு, ரெண்டையும் சிஸ்டத்துல பதியணும். ஒரு ஓட்டைக்கு ஒரு லெப்டொப்தான். வேற ஒண்ணைக் கொண்டுபோய் மாட்டினா அந்த ஓட்டை கதவைச் சாத்திக்கும். வைஃபை இல்லையான்னு கேக்காதீங்க. ஹொஸ்டல் மலைச்சரிவுல இருக்கு, வைஃபை கீழ லைப்ரரியோட நின்னுடும்.

உங்க வீட்டுலயும் "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவளாச்சே"ன்னு சொல்லி மிக்ஸியைத் தூக்கிக் கையில குடுக்கிறவங்க இருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. நாம ஒரே சாதி. இங்க வர்ற பேச்சுல முக்கால்வாசி சிங்களத்துல நடந்தது. நான் தமிழ்ல சொல்றேன். கொஞ்சம் காரம் குறைஞ்சிருக்கும், மன்னிச்சிக்கங்க.

ஓட்டை இல்லாத லெப்டொப்

இந்தத் தடவை மேல்மாடி கடைசி ரூம்லயிருந்து ஆரம்பிச்சேன். அங்க ரெண்டு பிள்ளைங்க. ஒருத்தி நெத்மி, கொழும்புக்காரி, மெனேஜ்மெண்ட் படிக்க வந்தவ. அவ லெப்டொப்பைக் கையில வாங்கினேன். அப்பளம் மாதிரி மெல்லிசு. இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன், தலைகீழாப் பிடிச்சும் பார்த்தேன். கேபிள் சொருக ஓட்டையே கிடையாது. இப்ப வர்ற மெல்லிசு லெப்டொப்புல அதை எடுத்துட்டாங்க. தனியா ஒரு கன்வேர்ட்டர் வாங்கி யூஎஸ்பி-ல மாட்டினாத்தான் உண்டு.

தங்கச்சின்னு கூப்பிட்டு, அதைப் பக்குவமாத்தான் சொன்னேன். "நங்கி, உங்க லெப்டொப்ல கேபிள் போட இடமில்லை. கன்வேர்ட்டர் ஒண்ணு வாங்கணும்." அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. அப்புறம் என் கையில இருந்த கேபிளைப் பார்த்தா. ரொம்ப மரியாதையா, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்ற மாதிரி சொன்னா:

"அக்கே, லெப்டொப் புதுசு. உங்க கேபிள்தான் பழசு. அதை மாத்திப் பாருங்களேன்."

அடி ஆத்தீ

அதே ரூம்ல அடுத்த கட்டில்காரி தர்ஷினி. றக்வானப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அவ லெப்டொப் பெல்மதுளைக் கடையில வாங்கின செக்கண்ட்ஹேண்ட். செங்கல் கனம். ஆனா கேபிள் ஓட்டை இருந்திச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி ஆச்சு. வைஃபை செத்துப்போன லெப்டொப்தான், நெட்டு இந்த ஓட்டை வழியா மட்டுந்தான் உள்ள போகும்னு கடைக்காரரே காட்டிக் குடுத்தாராம். பரவாயில்லை, எங்களுக்கு அது போதும்.

கேபிளைச் சொருகினேன். ஓட்டைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பச்சை லைட்டு மினுக்கணும். மினுக்கல. கேபிளை மாத்தினேன், மினுக்கல. சுவத்து ஓட்டையில கோளாறோன்னு கட்டிலுக்கு அடியில பூந்தேன். இவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை என்கூடத் தட்டுத்தடுமாறிச் சிங்களத்துலதான் பேசிக்கிட்டிருந்தா. நானும் சிங்களத்துலயே பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். எழும்புறப்போ கட்டில் சட்டம் மண்டையில 'ணங்'குன்னு இடிச்சுது. என்னை அறியாம "அடி ஆத்தீ!"ன்னு கத்திட்டேன்.

அவ கண்ணு ரெண்டும் விரிஞ்சிருச்சு. "மிஸ், நீங்க நம்ம ஆளுங்களா!"ன்னு கேட்டவ, அதுக்கப்புறம் வாயை மூடல. என் பேரு புஷ்பா. இந்தப் பேரு ரெண்டு பக்கமும் உண்டு, அதனால நான் சிங்களம்னு நினைச்சிட்டாளாம். நான் கித்துல்கலப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரி, எங்க அப்பா பால் வெட்டுனவருன்னு சொன்னதும் அவ குரலே மாறிப்போச்சு. அவ தோட்டத்து டிவிசன்லயிருந்து கம்பஸுக்கு வந்த மொதப் பிள்ளை அவதான். மொத செமஸ்டர் வகுப்பெல்லாம் வீட்டுல இருந்தே போன்ல முடிஞ்சிருச்சு. வர்ற வியாழக்கிழமை மொதப் பரீட்சை, ரூம்ல உக்காந்து நெட்டுலதான் எழுதணும். பரீட்சைக்காரங்க ஏற்கனவே வந்து அவ லெப்டொப்ல ஒரு சொஃப்ட்வெயரை ஏத்தி, மூடி மேல ஸ்டிக்கரும் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த லெப்டொப்பைத் தவிர வேற எதுலயும் எழுத விடமாட்டாங்க. தவறினா ரிபீட். ரிபீட்ல எவ்வளவு வெளுத்து வாங்கினாலும் வெறும் பாஸ்தான், ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுக்கிற கனவு மொத வருசத்தோட முடிஞ்சிடும்.

"லைட்டு எரியாம எங்க போயிடும், நான் எரிய வைக்கிறேன்"னு வாக்குக் குடுத்துட்டேன். வாக்குக் குடுத்தா அப்புறம் தூக்கம் வருமா? அவ அந்தச் செங்கலை நெஞ்சோட அணைச்சிக்கிட்டு மெதுவா கேட்டா:

"மிஸ், இவ்வளவு தூரம் வந்துட்டு, லைட்டு எரியலன்னா திருப்பி அனுப்பிருவாங்களா?"

அண்ணன்

தர்ஷினியோட லைட்டு ஒரு பக்கம் மண்டையைக் குடைஞ்சிக்கிட்டு இருக்க, மத்த ரூம்களை விட முடியுமா? கனெக்சன் குடுக்கிறதுக்கு முன்னாடி லெப்டொப்ல வைரஸ் இருக்கான்னு நாங்க பார்க்கணும். அதுக்கு லெப்டொப்பைத் திறக்கணும். திறந்தா என்னென்ன தெரியும்னு உங்களுக்குச் சொல்லணுமா?

கீழ்மாடியில ஒரு பிள்ளை, திறக்கவே விடல. "மிஸ், கண்ணை மூடிக்கிட்டுச் செய்ய முடியாதா?"ன்னு கெஞ்சினா. கடைசியில திறந்தா, திரை நிறைய ஒரு பையன் மோட்டர்சைக்கிள்ல சாஞ்சுக்கிட்டு நிக்கிறான். பின்னால ஹொஸ்டல் மேட்ரன் வேற நிக்கிறாங்க. ரிட்டயர் ஆகப்போற வயசு, சலவை போட்ட ஒசரிச் சேலை, இடுப்புல சாவிக்கொத்து. "எங்க அண்ணன் மிஸ்"னு அவ அவசரமா சொன்னா. நானும் "அண்ணனா, சரி சரி"ன்னு வேலையைப் பார்த்தேன். மேட்ரன் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, குனிஞ்சு, நிதானமாப் பார்த்துட்டுச் சொன்னாங்க:

"அனே, இந்த அண்ணன் மேல்மாடியிலயும் ஒருத்திக்கு அண்ணனா இருக்கானே!"

தொங்கக்கூடாத வயரு

மறுநாள் காலையில மொத்த ஹொஸ்டலுக்கும் நெட்டு விழுந்திடுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். பொதுவான கோளாறா இருந்தா தர்ஷினியோட லைட்டு எரியாததுக்கும் அதுதான் காரணமா இருக்கும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. தேடினேன், தேடினேன், ஒவ்வொரு ரூமாத் தேடினேன். கடைசியில, ஆளே இல்லாத ஒரு ரூம்ல பிடிச்சேன். சுவத்துல இருக்கிற ஒரு ஓட்டையிலயிருந்து கிளம்பின கேபிள், பக்கத்துல இருக்கிற இன்னொரு ஓட்டையிலயே போய்ச் சொருகியிருந்திச்சு. அப்படிச் சொருகினா நெட்டு வெளிய போக வழியில்லாம தன்னைத்தானே சுத்திச் சுத்தி மூச்சு முட்டி விழுந்திடும். அதோட ஹொஸ்டலே விழும்.

யாரு செஞ்ச வேலைன்னு பிள்ளைங்களைப் பிடிச்சு உலுக்கினேன். எல்லாரும் ஒரே பக்கமாப் பார்த்தாங்க. அங்க மேட்ரன் நிக்கிறாங்க. முகத்துல ஒரு பெருமை. கேபிள் தரையில தொங்கிக்கிட்டு இருந்திச்சாம், பார்க்க அசிங்கமா இருந்திச்சாம், அதுக்குன்னே பக்கத்துல ஒரு ஓட்டை இருந்ததால அழகா மாட்டி வச்சாங்களாம். நான் கேபிளைப் பிடுங்கினதும் ஹொஸ்டல் முழுக்க 'ஹோ'ன்னு சத்தம், நெட்டு வந்திடுச்சு. மேல ஓடினேன். எல்லா ரூமுக்கும் வந்திருக்கு, தர்ஷினிக்கு மட்டும் வரல. மூச்சு வாங்கக் கீழ இறங்கி வந்து, இனிமே எந்த வயரையும் தொடாதீங்கன்னு மேட்ரனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவங்க கோவிச்சுக்கிட்டாங்க:

"புஷ்பா, இது ஹொஸ்டல். இங்க பிள்ளைங்களும் கேட்டுல தொங்கக்கூடாது, வயரும் தரையில தொங்கக்கூடாது."

இடி

இந்தப் பக்கத்து இடியைப் பத்திச் சொல்லணும். எங்க தோட்டத்து லய வீடுகள்ல வானம் ஒருதரம் உறுமினாப் போதும், டீவி பிளக்கைக் கழட்டிட்டுத்தான் மறுவேலை. சிங்கள வீடுகள்லயும் அப்படித்தான். பிள்ளைங்களுக்கு அது ரத்தத்துல ஊறினது. ஹொஸ்டலுக்கு வந்தா மட்டும் மறக்குமா? பின்னேரம் இடி இடிச்சதுன்னா அத்தனை கையும் ஒண்ணா நீளும், அத்தனை கேபிளும் ஒண்ணாக் கழரும். மழை விட்டதும் அவளவ கேபிளை அவளவ ஓட்டையில மாட்டினா எனக்கென்ன கேடு? இவ ஓட்டையில அவ, அவ ஓட்டையில இவ. அத்தனை ஓட்டையும் கதவைச் சாத்திக்கும். அப்புறம் என் ஒப்பீஸ் வாசல்ல, சங்கக்கடையில அரிசிக்கு நிக்கிற மாதிரி கியூ.

அன்னிக்கும் அதே கூத்து. எங்க எலெக்ட்ரிசியன் அஜித்தும் நானும் ஒவ்வொண்ணா மறுபடி பதிஞ்சிக்கிட்டு இருந்தோம். நான் தர்ஷினி கதையைச் சொல்லி, அவ சுவத்து ஓட்டைக்குப் போற வயரு உள்ளுக்குள்ள அறுந்திருக்குமான்னு கேட்டேன். நல்ல மனுசன், சீலிங்குக்கு மேல ஏறி முழு வயரையும் தடவிப் பார்த்துட்டு, தலை நிறைய ஒட்டடையோட இறங்கினாரு. வயரு நல்லாத்தான் இருக்காம். அப்ப பார்த்து மறுபடி ஒரு இடி. மேல 'டக்கு டக்கு டக்கு'ன்னு கேபிளுங்க கழர்ற சத்தம். அஜித் ஏணியிலேயே உக்காந்துட்டாரு:

"நங்கி, கேபிளுக்குப் பதிலா இந்தப் பிள்ளைங்களை ஒரே இடத்துல கட்டிப் போட ஏதாவது வழி இருக்கா?"

லெப்டொப்புக்கு மெடிக்கல்

புதன்கிழமை ஆகிடுச்சு. விடிஞ்சா பரீட்சை. அந்த லெப்டொப்ல நான் செய்யாத வைத்தியம் இல்லை. நெட்டுக்கான சொஃப்ட்வெயர் எல்லாத்தையும் கழட்டி மாட்டியாச்சு. நெத்மிக்கு இந்தப் பரீட்சை இல்லை, ஆனா அதுக்குள்ள கன்வேர்ட்டர் வாங்கியிருந்தா. என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்புறவ, அன்னிக்குத் தானாவே அதைக் கொண்டுவந்து நீட்டினா. "இவளுக்குப் போட்டுப் பாருங்க அக்கே. ராத்திரி முழுக்க அழறா, எனக்குத் தூக்கம் போகுது"ன்னா. மாட்டினோம். பச்சை லைட்டு எரிஞ்சுது! தர்ஷினி என் கையைப் பிடிச்சிக்கிட்டுக் குதிச்சா. பரீட்சை சொஃப்ட்வெயரைத் திறந்தோம். காப்பி அடிக்கக்கூடாதுன்னு அது எல்லா யூஎஸ்பி-யையும் பூட்டிடுச்சு. லைட்டு அணைஞ்சிருச்சு. குதிச்ச பிள்ளை அப்படியே கட்டில்ல உக்காந்துட்டா.

சரி, மனுசங்ககிட்டப் பேசிப் பார்ப்போம்னு அவளைக் கூட்டிக்கிட்டுப் பரீட்சைப் பிரிவுக்குப் போனேன். லேப்ல ஒரு கம்ப்யூட்டர் தாங்க, வேற நாள்ல வச்சுக் குடுங்க, ஏதாவது செய்ங்கன்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் இங்கிலீசுலயும் கெஞ்சினேன். லேப்ல வேற பரீட்சையாம். நாளை மாத்துறதுக்கு ஒரே ஒரு காரணந்தான் செல்லுமாம், உடம்பு வருத்தம். அதுக்கும் அரசாங்க டொக்டர் கையெழுத்து வேணுமாம். "வருத்தம் பிள்ளைக்கு இல்லைங்க, லெப்டொப்புக்குத்தான்"னு சொல்லிப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரு தலையை நிமிர்த்தவே இல்லை:

"அப்ப லெப்டொப்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மெடிக்கல் எடுத்துக்கிட்டு வாங்க."

வாய்

எனக்கு வந்த கோவத்துல அந்த லெப்டொப்பை நிஜமாவே நோயாளி மாதிரி மேட்ரன் மேசையில மல்லாக்கப் போட்டேன். "வாயைத் திற, பாப்போம்"னு போன் டோர்ச்சை அடிச்சு அந்த ஓட்டைக்குள்ள எட்டிப் பார்த்தேன். இத்தனை நாளும் கேபிளைச் சொருகியிருக்கேனே தவிர, உள்ள எட்டிப் பார்க்கல. அங்க இருக்க வேண்டியது வரிசையா தங்கநிறக் கம்பிங்க. இருந்தது மஞ்சளா, காஞ்சு வெடிச்ச சேறு மாதிரி ஒரு கட்டி. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். கோயில் வாசம் வந்திச்சு.

"தர்ஷினி, இது என்னாடி?" அவ தலை குனிஞ்சிட்டா. அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சா. அப்பா பெரியசாமி, தேயிலை ஸ்டோர்ல, அதான் ஃபெக்டரியில, ரோலர் மெசின்ல நிக்கிறவரு. சரஸ்வதி பூசைக்கு ஸ்டோர்ல எல்லா மெசினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாங்கன்னு எனக்கும் தெரியும், எங்க ரப்பர் ஸ்டோர்லயும் அப்படித்தான். மக கம்பஸுக்குக் கிளம்பின அன்னிக்கு லெப்டொப்பை மாரியம்மன் கோயில்ல வச்சுக் கும்பிட்டிருக்காங்க. விசயம் கேட்டதும் மனுசன் பதறிட்டாரு:

"மிஸ்ஸம்மா, ரோலருக்கு நாங்க கொழுந்து போற வாயிலதான் பொட்டு வைப்போம். இதுக்கு நெட்டு போற வாயி எதுன்னு கேட்டேன், பாப்பா காட்டிச்சு. பெரிய படிப்பாச்சேன்னு கொஞ்சம் தாராளமா வச்சிட்டேன்."

சாமி உள்ள உக்காந்தா

சுத்தம் பண்ண ஆரம்பிச்சா, தர்ஷினி என் கையைப் பிடிச்சிட்டா. சாமிக்கு வச்சதைச் சுரண்டினா பரீட்சை என்னாகுமோன்னு பயம். "சாமி போய் வாசலை மறிச்சு உக்காந்துக்கிட்டா நெட்டு எங்கடி போகும்? கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்றோம், அவ்வளவுதான்"னேன். சிரிச்சா. கையை விட்டுட்டா. அதை நாங்க சும்மா வழிச்சு எறியவும் இல்லை. ஒரு வெத்திலையில எடுத்து வச்சு, வாசல் முத்தத்துச் செவ்வரத்தைப் பூமரத்தடியில போட்டோம்.

அஜித் ஸ்பிரிட் கொண்டுவந்தாரு. ஈர்க்குல பஞ்சைச் சுத்தி, நனைச்சு நனைச்சு எடுத்தேன். சந்தனம் போயிருச்சு, ஆனா ஒரு கம்பி மட்டும் அமுங்கி ஒட்டிக்கிட்டு எழும்ப மாட்டேங்குது. மேட்ரன் தலைக் கொண்டையிலயிருந்து ஊசி ஒண்ணை உருவிக் குடுத்தாங்க. மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நெம்பினேன். கம்பி எழும்பிச்சு. கேபிளைச் சொருகினேன். பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்கிச்சு. ஆனா ஓட்டை தளந்து போச்சு, கேபிளை விரலால அழுத்திப் பிடிச்சாத்தான் லைட்டு நிக்குது. விட்டா அணையுது. பரவாயில்லை, இது போதும்னு நான் கண்ணைத் துடைச்சிக்கிட்டேன். ஆமாங்க, அழுதேன்தான். மேட்ரன் ஊசியை வாங்கித் திரும்பக் கொண்டையில சொருகிக்கிட்டாங்க:

"நாளைக்கு ஒருத்தியும் ஒரு வயரையும் தொடமாட்டா. நானும் தொடமாட்டேன். ஹரியா?"

விடாத கை

பரீட்சை பின்னேரம். காலையில பளீர்னு இருந்த வானம், பிள்ளைங்க எழுத உக்காந்ததும் கறுத்துக்கிட்டு வந்திச்சு. எழுதிக்கிட்டு இருக்கிறப்போ நெட்டு அறுந்தா சொஃப்ட்வெயர் வெளிய தள்ளிடும், திரும்ப உள்ள போக முடியாது. இத்தனை பிள்ளைங்களுக்கும் இடின்னா கை கேபிளுக்குத்தானே போகும்! ரூமுக்குள்ள போகவும் முடியாது, கேமரா ஓடுது.

மொத இடி விழுந்திச்சு பாருங்க, கண்ணாடி எல்லாம் அதிர்ந்திச்சு. நான் ஒரு பக்கம், மேட்ரன் ஒரு பக்கம் வராந்தாவுல ஓடினோம். "கழட்டாதீங்க! கழட்டாதீங்க!"ன்னு நான் கத்துறேன். அவங்க சாப்பாட்டு மணியை அடிச்சிக்கிட்டு அதையே சிங்களத்துல "கலவன்ன எபா! கலவன்ன எபா!"ன்னு கத்துறாங்க. சட்டதிட்டமா நடக்கிற அந்த அம்மா ஒசரியைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடினதை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். பாதிப் பேரு கை பாதியில நின்னுச்சு. கழட்டிட்ட ரெண்டொருத்தி அப்புறம் பரீட்சைப் பிரிவுல அழுது தீர்த்தாங்க. ஆனா கேபிளை விரலால அழுத்திக்கிட்டு உக்காந்திருக்கிறவ கடைசி ரூம்ல இருக்கா. இடிக்கு அவ கை லேசா நடுங்கினாலே போதும், எல்லாம் முடிஞ்சிது.

பரீட்சை முடிஞ்சு கதவு திறந்திச்சு. தர்ஷினி வெளிய வந்தா. வலது கையை உதறிக்கிட்டே வந்தா. ஆட்காட்டி விரல்ல கேபிள் அச்சு அப்படியே பதிஞ்சிருந்திச்சு. முழுப் பரீட்சையும் இடது கையாலதான் டைப் பண்ணியிருக்கா. "இடிக்குப் பயந்து கையை விட்டிருப்பேன்னு நினைச்சேன்டி"ன்னேன். அவ சொன்ன பதிலை நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்:

"விழுந்தா என் மேலயே விழட்டும்னு புடிச்சிக்கிட்டேன் மிஸ். ரிபீட்டை விட இடி பரவாயில்லை."

எது வாயி?

ரிசல்ட் வந்திச்சு. தர்ஷினிக்கு ஏ. நெத்மி கத்தின கத்துல மேட்ரனே ஓடி வந்துட்டாங்க. அதோட ஹொஸ்டல்ல ஒரு கதை கிளம்பிடுச்சு. ஸ்பிரிட்டு, ஈர்க்கு, கொண்டை ஊசி எல்லாம் எல்லாருக்கும் மறந்து போச்சு. மஞ்சள் மருந்து பூசின லெப்டொப்புக்கு ஏ வருதுங்கிறது மட்டும் நின்னுபோச்சு. நெத்மியே ஒருநாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அவ லெப்டொப்புக்கு அதைப் பூச இடமில்லையே, கன்வேர்ட்டர்ல பூசினாப் பலிக்குமான்னு கேட்டா.

அடுத்த ஞாயித்துக்கிழமை பெரியசாமி ஐயா றக்வானயிலயிருந்து பஸ் ஏறி என் ஒப்பீஸுக்கே வந்துட்டாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில ஒரு பை. வாழைப்பழம், தேயிலைத்தூள், ஒரு கிண்ணத்துல குழைச்ச சந்தனம், பொட்டலத்துல குங்குமம். என்னைக் கண்டதும் கும்பிட்டாரு. நான் பதறிப்போய் அவரு கையைப் பிடிச்சிக்கிட்டேன். மக விரல்ல கேபிள் அச்சு பதிஞ்ச கதையைக் கேட்டு அழுதாராம். அதை எனக்குச் சொல்றப்பவும் அழுதாரு. அப்புறம் கண்ணைத் துடைச்சிக்கிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு, என் பின்னால சுவத்துல மாட்டியிருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தாரு. மொத்த ஹொஸ்டலோட கேபிளும் வந்து சொருகுற சுவிட்சு அதுக்குள்ளதான் இருக்கு. கண்ணாடிக் கதவுக்குள்ள வரிசை வரிசையாப் பச்சை லைட்டு. வரிசை வரிசையா ஓட்டை.

"மிஸ்ஸம்மா, எல்லாப் பிள்ளைங்க நெட்டும் போற பெரிய வாயி இதுதானுங்களே? நல்ல மனசோட வந்திருக்கேன். எல்லாத்துக்கும் ஒவ்வொரு பொட்டு வச்சிட்டுப் போறேன்"னாரு. விரலை வேற கிண்ணத்துல முக்கிட்டாரு. வேணாம்னு சொன்னா அந்த மனுசன் மனசு உடைஞ்சிடும், சரின்னு சொன்னா என் வேலை போயிடும். சட்டுனு பெட்டிக்குக் குறுக்க போய் நின்னுக்கிட்டேன். "இல்லைங்க ஐயா, அது சும்மா பெட்டி. எல்லாம் என் வழியாத்தான் போகுது. இந்த ஹொஸ்டலுக்கு நெட்டு போற வாயி நான்தான்"னு சொல்லி நெத்தியைக் காட்டினேன்.

அவரு ரோலருக்கு வைக்கிற மாதிரியே, அவசரப்படாம, நடு நெத்தியில சந்தனம் வச்சு, அது மேல குங்குமமும் வச்சு, ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாரு. பின்னால மேட்ரன் நிக்கிறாங்க, அஜித் நிக்கிறாரு, யாரும் சிரிக்கல. பெரியசாமி ஐயா தலையைச் சாய்ச்சு, வச்ச பொட்டு நேரா இருக்கான்னு பார்த்துட்டுச் சொன்னாரு:

"மக்கர் பண்ணாம நல்லா ஓடணும், என்னாம்மா."

இத்தனை வருசமா எத்தனையோ பேருக்கு நெட்டுக் குடுத்திருக்கேன், ஆனா நானும் ஓடுற ஒரு மெசின்தான்னு கண்டுபிடிச்சு எனக்குப் பூசை போட்டது, என் சுவிட்சைக் காப்பாத்த நான் சொன்ன பொய்யை நம்பின அந்த ஒரு மனுசன் மட்டுந்தாங்க.